ரோத்தானும் சரஸ்வதியும்

கிள்ளானிலிருந்து கோலசிலாங்கூர் போகிற பழைய சாலையில் புக்கிட் ரோத்தான் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. மலாயில் புக்கிட் என்றால் குன்று, ரோத்தான் என்றால் பிரம்பு. ஆனால் இந்த வட்டாரத்துத் தோட்டப் பள்ளியில் படித்த யாரிடமாவது அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், சிரித்துக்கொண்டே உள்ளங்கையைத் தேய்த்துவிடுவார்கள். நம் பேச்சில் ரோத்தான் காட்டுக்கொடி கிடையாது. அது கரும்பலகைக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிய ஒன்று.

தமிழ்ப்பள்ளியில் வேலை பார்க்கும் நண்பன் ஒருவன் அண்மையில் ஒரு பயிற்சிக்குப் போய்வந்தான். 'நேர்மறை வலுவூட்டல்' பற்றிய பயிற்சி. பிள்ளை தப்புச் செய்யும்போது பாய்வதைவிட, சரியாகச் செய்யும்போது அதைக் கண்டு சொல்வது, சிறு வெகுமதி கொடுப்பது, அப்படியே நல்ல பழக்கத்தை வளர்ப்பது என்பதுதான் சாரம். பயிற்சி முடிந்து ஆசிரியர் அறைக்கு வந்தால், மூத்தவர் ஒருவர் சொன்னாராம்: "இதெல்லாம் வெள்ளக்காரன் பிள்ளைக்குச் சரிப்படும் தம்பி. நம்ம பிள்ளைங்களுக்கு அடிதான் பேசும்."

எனக்கு அந்த வாக்கியம் உறுத்திக்கொண்டே இருந்தது. நான் கல்வியியல் படித்தவன் அல்ல, பொறியியல்காரன். ஆனால் அது ஒரு வரலாற்றுக் கூற்று என்பது மட்டும் புரிந்தது. பாராட்டு வெளியிலிருந்து வந்தது, அடி நம்முடையது என்கிறார் அவர். உண்மையா அது? தேடிப் பார்த்தபோது கிடைத்தது வேறு கதை.

பெல்லாரியில் ஒரு காலை

1822இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, மாகாணத்தில் எத்தனை பள்ளிகள் இருக்கின்றன, யார் படிக்கிறார்கள் என்று கணக்கெடுக்கச் சொன்னார். மாவட்டந்தோறும் கலெக்டர்கள் பதில் எழுதினார்கள். பெரும்பாலான பதில்கள் வெறும் அட்டவணைகள். பெல்லாரி கலெக்டர் ஏ. டி. கேம்ப்பெல் மட்டும் 1823 ஆகஸ்ட்டில் அனுப்பிய அறிக்கையில் பள்ளிக்குள் என்ன நடக்கிறது என்று விவரித்தார். பின்னாளில் தரம்பால் இந்த ஆவணங்களைத் தொகுத்து 1983இல் நூலாகக் கொண்டுவந்தபோது பலரும் பேசியது பள்ளிகளின் எண்ணிக்கையைப் பற்றித்தான். என்னை நிறுத்தியது ஒரு சிறு பத்தி.

காலையில் முதலில் வருகிற பையனின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள். அது மரியாதை. இரண்டாவதாக வருபவன் கையில் ஒரு சுழியம்: உனக்குப் பாராட்டும் இல்லை, கண்டிப்பும் இல்லை என்று பொருள். மூன்றாவது வருபவனுக்கு மெல்லிதாக ஓர் அடி. நான்காமவனுக்கு இரண்டு. அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொருவனுக்கும் ஒவ்வோர் அடி கூடிக்கொண்டே போகும்.

சோம்பேறிப் பிள்ளைகளைக் கைகளைக் கட்டி உத்தரத்தில் தொங்கவிடுவதையும், ஓயாமல் உட்கார்ந்து எழ வைப்பதையும்கூட அவர் எழுதுகிறார். இந்த உட்கார்ந்து எழுவது வலியும் களைப்பும் தருவதுதான், ஆனாலும் உடம்புக்கு நல்லதாகவும் இருக்கலாம் என்று ஒரு கருத்தையும் சேர்த்துவிடுகிறார். நம் தோப்புக்கரணத்துக்கு அரசாங்கக் கோப்பில் கிடைத்த நற்சான்றிதழ்களில் அதுவும் ஒன்றாக இருக்கும்.

ஆக, பாராட்டு வெள்ளைக்காரன் இறக்குமதி அல்ல. சரஸ்வதியும் பிரம்பும் ஒரே திண்ணையில், ஒரே வாத்தியார் கையில் இருந்தன. கணக்கைத்தான் கொஞ்சம் பாருங்கள். இருபது பிள்ளைகள் இருந்தால் ஒருவனுக்குச் சரஸ்வதி, ஒருவனுக்குச் சுழியம், மீதிப் பதினெட்டுப் பேருக்கு அடி. எல்லாரும் விடியற்காலையிலேயே ஓடி வந்தாலும், கடைசியாக வருபவன் என்று ஒருவன் இருந்தே தீருவான். அவன் நேற்றைவிட அரை மணி நேரம் முன்னால் வந்தவனாக இருக்கலாம். அதை எழுத அந்த முறையில் இடமே இல்லை.

எழும்பூரிலிருந்து லண்டனுக்கு

அதே மாகாணத்தில், அதற்கு முப்பது வருடங்களுக்கு முன்பே இன்னொரு பரிசோதனை நடந்திருந்தது. 1789இல் எழும்பூரில் இருந்த ராணுவ ஆண் அநாதைகள் காப்பகத்தின் கண்காணிப்பாளராக ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் பொறுப்பேற்றார். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்துவிட்டுத் தன் பள்ளியிலும் அதைச் செய்யச் சொன்னார். உதவி ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. அதனால் எட்டு வயதுப் பையன் ஒருவனைச் சின்னப் பிள்ளைகளுக்கு ஆசிரியனாக்கினார். திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை முறை ஆங்கிலத்தில் எழுதப்பட்ட 'மெட்ராஸ் முறை' ஆனது இப்படித்தான். 1797இல் அதைப் பற்றி லண்டனில் நூல் வெளியிட்டார்.

பெல்லுக்கு அடியில் நம்பிக்கை குறைவு. தப்புகளை ஒரு கறுப்புப் புத்தகத்தில் எழுதிவைத்து, வாரம் ஒருமுறை பிள்ளைகளையே நடுவர்களாக உட்காரவைத்து விசாரித்தார். லண்டனில் ஏறக்குறைய அதே முறையை நடத்திய ஜோசப் லங்காஸ்டர் இன்னும் ஒரு படி மேலே போனார். நன்றாகப் படித்தால், ஒழுங்காக இருந்தால் பிள்ளைகளுக்குச் சீட்டு கிடைக்கும். சீட்டுச் சேர்ந்தால் பட்டமோ பந்தோ வாங்கிக்கொள்ளலாம். நெஞ்சில் குத்திக்கொள்ளப் பட்டயங்களும் உண்டு. இன்றைக்கு வகுப்பறைச் சுவரில் நாம் ஒட்டுகிற நட்சத்திர அட்டைக்கு அவர்தான் பாட்டன். ஆனால் அதே லங்காஸ்டர் பிள்ளையின் கழுத்தில் மரக்கட்டையைக் கட்டித் தொங்கவிட்டார், கூடையில் போட்டுக் கூரைக்கு ஏற்றினார். அடிக்கவில்லை, அவமானப்படுத்தினார். வெகுமதி இருக்கிற இடத்தில் கொடுமை இருக்காது என்று நினைத்துவிட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

பிரட்டுக்களத்துக்குப் பக்கத்தில்

இப்போது நம் ஊருக்கு வருவோம். சென்னை மாகாணத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள் தங்களோடு திண்ணைப் பள்ளியின் நினைவையும் கொண்டு வந்திருப்பார்கள். ஆனால் இங்கே பள்ளி திண்ணையில் அமையவில்லை, தோட்டத்துக்குள் அமைந்தது. அதுதான் பெரிய வேறுபாடு.

வட சிலாங்கூரில் ரப்பர் பரவிய காலத்தில்தான் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இங்கே தோட்டம் திறந்தார். பிறகு பத்தாங் பெர்ஜுந்தைப் பகுதியில், 1917இல், தென்னமரம் தோட்டத்தில் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு நடந்தது. தமிழ்ப் பெயர் வைத்த தோட்டத்தில் ஆப்பிரிக்க மரம். பின்னால் அவர் மலாயாவைப் பற்றி எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. அந்தத் தோட்டங்களில் வேலை செய்தவர்களின் பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது?

1923 தொழிலாளர் சட்டத்தின்படி, ஏழு வயதுக்கும் பதினான்கு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்தியாக வேண்டும். நிர்வாகங்கள் நடத்தின, செலவில்லாமல். எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ தொழிலாளியோ வாத்தியார் ஆனார். ஒரே கொட்டகையில் எல்லா வகுப்பும். அரசாங்க மானியம் பிள்ளைகளின் வருகைக் கணக்கையும் சோதனை முடிவையும் பொறுத்தது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். கங்காணிக்குத் தலைக்காசு என்று ஒன்று உண்டு. அவன் ஆட்களில் எத்தனை பேர் அன்றைக்கு வேலைக்கு இறங்கினார்களோ, தலைக்கு இத்தனை காசு என்று அவனுக்குச் சேரும். அதனால் காய்ச்சல் வந்தவனையும் லயத்திலிருந்து இழுத்துவர அவனுக்கு ஒரு காரணம் இருந்தது. பள்ளி மானியமும் ஒரு வகையில் தலைக்காசுதான். பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் பணம். வெகுமதி இருந்தது, ஆனால் பிள்ளைக்கு இல்லை. பிள்ளையை எண்ணியவருக்கு இருந்தது.

என் பாட்டி இந்த வட்டாரத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். ஐந்து மணிக்குப் பிரட்டு. "பிந்திப் போனா பேரு கெடையாதுய்யா. கிராணி புஸ்தகத்த மூடிருவான். மூடுனா மூடுனதுதான்" என்பார். அவர் அப்பா அம்மாவின் பெயரைக் கூப்பிட்ட களத்துக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கூடம். அங்கேயும் காலையில் ஒருவர் புத்தகத்தைத் திறந்து பெயர் கூப்பிடுவார். பிந்தினால் கையை நீட்ட வேண்டும். தோட்டத்தில் ஒழுங்கு என்றால் நேரத்துக்கு வருவது, வாயை மூடுவது, சொன்னதைச் செய்வது. பள்ளியிலும் அதேதான். சில இடங்களில் இரண்டு புத்தகங்களையும் திறந்த கை ஒன்றாகவே இருந்திருக்கும்.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர். எச். நாதன் போன்றவர்கள் முன்னின்ற அந்தப் போராட்டம் சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவியது, ராணுவம் வந்தது, உயிர்கள் போயின. அவர்கள் வைத்த கோரிக்கைகளைப் படித்தால் சம்பளத்தோடு வேறு சிலவும் இருக்கும். துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்து என்பது ஒன்று. பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி கொடு என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டார்கள் என்பதைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை. பயத்தால் நடக்கிற ஒழுங்கு எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். தங்கள் பிள்ளைகளுக்கு வேறொன்று வேண்டும் என்று கேட்டார்கள்.

கண்ணை மட்டும் விட்டுட்டு

1957இல் நாடு விடுதலை அடைந்தபோது தமிழ்ப்பள்ளிகள் 888. இன்று 500க்குச் சற்று மேல். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, மக்கள் கிளம்பினார்கள். பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. 'பெஸ்தாரி' என்றால் அறிவு மிக்கது என்று பொருள். பெயர்ப்பலகையைக் கணக்கில் எடுத்தால், இந்த மாவட்டத்தில் பிரம்பிலிருந்து அறிவுக்குப் போக ஒரு பஸ் போதும்.

சட்டமும் மாறியது, மெதுவாக. 1959ஆம் ஆண்டுப் பள்ளி ஒழுங்கு விதிகள் பிரம்படிக்கு எல்லை வகுத்தன. பெண் பிள்ளைகளை அடிக்கக்கூடாது. தலைமையாசிரியரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோதான் அடிக்கலாம். 2003இல் கல்வி அமைச்சு இதைச் சுற்றறிக்கையாகவே மீண்டும் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. மறுபடி மறுபடி சொல்ல வேண்டியிருந்தது என்றால் வகுப்பறைகளில் வழக்கம் வேறாக இருந்தது என்று அர்த்தம்.

அந்த வழக்கத்துக்குப் பெற்றோரின் ஆசீர்வாதமும் உண்டு. என்னை முதல் வகுப்பில் சேர்க்கும்போது அப்பா ஆசிரியரிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "கண்ணு ரெண்ட மட்டும் விட்டுட்டு மத்ததெல்லாம் உரிச்சிடுங்க சார்." அப்பாவுக்கு என்மேல் கோபம் எதுவும் இல்லை. 'அடியாத மாடு படியாது' என்பது அவருக்குப் பழமொழி அல்ல, அவர் வளர்ந்த விதம். தான் படிக்காமல் போனதற்குக் காரணம் தன்னை யாரும் போதுமான அளவு அடிக்காததுதான் என்றே அவர் நம்பினார். தோட்டம், பள்ளி, ஏழ்மை எதையும் அவர் குற்றம் சொன்னதில்லை.

மூன்றாம் வகுப்பில் என் பக்கத்தில் ஒருவன் இருந்தான். உட்காரவே மாட்டான். "உக்காருடா" என்ற சொல்லை ஒரு நாளில் எத்தனை முறை கேட்டிருப்பான் என்று எண்ண முடியாது. ஆசிரியர் கத்தக் கத்த அவன் எழுந்துகொண்டே இருப்பான். நாங்கள் சிரிப்போம்.

பல வருடங்கள் கழித்துத்தான் தெரிந்தது, இதையே ஆராய்ந்திருக்கிறார்கள் என்று. 1968இல் அமெரிக்காவில் வெஸ்லி பெக்கரும் சார்ல்ஸ் மேட்சனும் மற்றவர்களும் முதல் வகுப்புப் பிள்ளைகளைக் கவனித்தார்கள். ஆசிரியர்கள் 'உட்கார்' என்று அதிகமாகச் சொல்லச் சொல்ல, எழுந்து நிற்கிற பிள்ளைகள் அதிகமானார்கள். உட்கார்ந்து வேலை செய்கிறவர்களைப் பாராட்டத் தொடங்கியதும் நிற்பது குறைந்தது. அதே ஆண்டு அவர்கள் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், விதிகளை மட்டும் எழுதி ஒட்டியதால் பெரிய பலன் இல்லை. தப்பைக் கண்டுகொள்ளாமல் விடுவதும் தனியே போதவில்லை. நல்லதைக் கண்டு சொன்னபோதுதான் வகுப்பு மாறியது. காரணம் எளிது. கவனிப்பே ஒரு வெகுமதி. திட்டாகக் கிடைத்தாலும் பிள்ளை அதை வாங்கிக்கொள்வான், வேறு எதுவும் கிடைக்காதபோது.

அந்தப் பையனை மாற்றியவர் நான்காம் வகுப்புக்கு வந்த ஓர் ஆசிரியை. பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஒரு நாள் அவன் கொஞ்ச நேரம் உட்கார்ந்து கணக்குப் போட்டான். டீச்சர் பக்கத்தில் போய், எங்களுக்கெல்லாம் கேட்காத குரலில் ஏதோ சொன்னார். மறுநாளும். அடுத்த வாரம் பள்ளி மணி அடிக்கிற வேலை அவனுக்குப் போனது. மணி அடிக்க வேண்டுமானால் கடிகாரம் பார்க்கத் தெரிய வேண்டும். ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டான். அவன் முதல் மாணவன் ஆகவில்லை. ஆனால் ஆறாம் வகுப்புவரை ஒரு நாளும் பள்ளிக்கு மட்டம் போடவில்லை.

ஏழு ஏ-வும் ஒரு சுழியமும்

இதற்கு எதிர்ப்பேச்சும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். 1973இல் மார்க் லெப்பர் குழுவினர் ஸ்டான்ஃபோர்டில் மழலைப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். படம் வரையத் தானாகவே ஆசைப்படும் பிள்ளைகளில் ஒரு பகுதிக்கு, வரைந்தால் தங்க நட்சத்திரம் ஒட்டிய சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். கொடுத்தார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால் அந்தப் பிள்ளைகளுக்கு வரைவதில் ஆர்வம் குறைந்திருந்தது. ஏற்கெனவே பிடித்ததற்கு விலை வைத்தால் பிடிப்புப் போய்விடும். இனிப்பையும் ஸ்டிக்கரையும் அள்ளி வீசுவது மருந்தல்ல. டீச்சர் அவனுக்குக் கொடுத்தது இனிப்பு அல்ல, ஒரு பொறுப்பு.

நம் பள்ளிகளில் வெகுமதியே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1988 முதல் 2021இல் ரத்தாகும்வரை யூபிஎஸ்ஆர் தேர்வு இருந்தது. முடிவு வந்த மறுநாள் தமிழ் நாளிதழ்களில் பக்கம் பக்கமாக ஏழு 'ஏ' பிள்ளைகளின் படங்கள். கோயிலில் மாலை, மன்றத்தில் உறை, கட்சிக்காரர் கையால் கேடயம். தப்பில்லை. தோட்டத்துப் பிள்ளை நாளிதழில் வருவது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும். ஆனால் பெல்லாரியின் கணக்கு இங்கேயும் மாறவில்லை. ஒரு சிலருக்குச் சரஸ்வதி. மற்றவர்களுக்குச் சுழியம், அல்லது அடி. 'டி'யிலிருந்து 'சி'க்கு வந்த பிள்ளைக்கு மாலை போட்ட மேடையை நான் பார்த்ததில்லை.

அந்தச் சுழியம் வாங்கியவர்கள் எங்கே போனார்கள்? 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட உறுப்பினர்களில் பெரும்பான்மையினர் இந்தியர்கள் என்றார்கள். இதற்கு வறுமை, இடப்பெயர்வு, வேலையின்மை என்று பல காரணங்கள் உண்டு, பள்ளியை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. ஆனால் தெரிந்த பையன்கள் போன வழியைப் பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். கும்பலுக்கு வலுவூட்டல் நன்றாகத் தெரியும். சேர்ந்த அன்றே பெயர் கொடுக்கும், எண் கொடுக்கும், "நீதான்டா ஆளு" என்று தோளில் கை போடும். பதிமூன்று வயதுவரை ஒருத்தனிடம் யாரும் அதைச் சொல்லியிருக்காவிட்டால், முதலில் சொல்பவனை அவன் எப்படி விடுவான்?

மூத்த ஆசிரியரின் வாக்கியத்துக்குத் திரும்புகிறேன். "நம்ம பிள்ளைங்களுக்கு அடிதான் பேசும்." அவரும் ஒரு தோட்டத்துப் பள்ளியில் கையை நீட்டி நின்றவராகத்தான் இருப்பார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் அவர் சொன்னதை வரலாறு ஒப்புக்கொள்ளவில்லை. பாராட்டும் நம்மிடம் எப்போதும் இருந்தது. நாம் அதைச் சிக்கனமாகச் செலவழித்தோம், பிரம்பைத் தாராளமாக. அடியை நிறுத்து என்று சுற்றறிக்கை அனுப்பலாம். காலையில் கடைசியாக வருகிற பிள்ளையின் கையிலும் எழுத ஏதாவது ஒன்றைத் தேடு என்று அமைச்சு சுற்றறிக்கை அனுப்ப முடியாது. அதை அந்தக் கையைப் பார்க்கிறவர்தான் தேட வேண்டும்.

நண்பன் தேடத் தொடங்கியிருக்கிறான். பள்ளியில் மொத்தமே எண்பது பிள்ளைகள், அதனால் வசதி. வகுப்பில் வழக்கமாகப் பிந்தி வருகிற ஒரு பையன், அம்மா இரவு வேலை முடிந்து வந்த பிறகுதான் தம்பியை விட்டுவிட்டுக் கிளம்ப முடியும். ஏழே முக்காலுக்கு வருகிறவன் போன வாரம் ஒரு நாள் ஏழு முப்பத்தைந்துக்கே வந்துவிட்டான். பள்ளி தொடங்கி ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. கணக்குப்படி பிந்தியவன்தான்.

"என்ன செஞ்ச?" என்று கேட்டேன்.

"பத்து நிமிஷம் முன்னால வந்திருக்கியேன்னு சொன்னேன். அவ்ளோதான்" என்றான்.